சாட்சி சொல்லும் மரபணுவும் பதில் சொல்ல வேண்டிய நாமும்

மரபணுப் பரிசோதனை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகத்துக்கு வருபவை தொலைக்காட்சித் தொடர்கள்தாம். வாரிசு யார் என்று மாதக்கணக்கில் இழுபடும் கதையை ஓர் அறிக்கை வந்து முடித்து வைக்கும். கடித உறையைப் பிரிக்கும் காட்சியை மட்டும் இரண்டு நாட்களுக்குக் காட்டுவார்கள். இதையே பார்த்துப் பழகியதால், இந்தப் பரிசோதனை எங்கோ யாருக்கோ நடக்கும் விடயம் என்று நினைத்து விடுகிறோம். ஆனால் கல்முனையில் ஒரு குழந்தையைப் பெற்றவர்களின் கையில் சேர்த்ததும், கொட்டதெனியாவவில் ஒரு பாடசாலை மாணவனைக் கொலைப் பழியிலிருந்து மீட்டதும், நமது வைத்தியசாலைகளில் நோயின் பெயரைச் சரியாகச் சொல்ல வைத்தியர்களுக்கு உதவுவதும் இந்தப் பரிசோதனையே.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆய்வுகூடம் நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, கிடைத்த பதிலை வைத்து என்ன செய்வது என்பவை மனிதர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் நமது சமூகம் இரண்டு இடங்களில் பின்தங்கி நிற்கிறது என்பது என் கருத்து. பழி சுமத்துவதற்கு முன் நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. மணம் பேசுவதற்கு முன்பும் சோதித்துப் பார்ப்பதில்லை.

உயிரியல் பாடம் படிக்காத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். நமது உடலிலுள்ள கலங்களில் பெரும்பாலானவற்றின் கருவினுள்ளே 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வந்தவை. அவற்றுள் சுருண்டு கிடக்கும் நீண்ட இழையே டி.என்.ஏ. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்ற நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட பெரிய நூல் என்று அதனைக் கூறலாம். ஏறத்தாழ 300 கோடி எழுத்துச் சோடிகள். எந்த இரு மனிதரை எடுத்தாலும் அந்நூலின் 99.9 சதவீதம் ஒன்றாகவே இருக்கும். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் வேலிகள் எதுவும் அங்கே தெரிவதில்லை. எஞ்சிய மிகச் சிறிய வேறுபாட்டில்தான் ஒவ்வொருவரின் தனித்தன்மையும் இருக்கிறது.

அந்த வேறுபாட்டை எப்படிப் பிடிப்பது? டி.என்.ஏ. இழையின் சில இடங்களில் சிறியதொரு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தஸ்பீஹ் மாலையில் ஒரே நிற மணிகள் அடுத்தடுத்துக் கோக்கப்பட்டிருப்பது போல. ஓர் இடத்தில் தாயிடமிருந்து எனக்கு 7 மணிகள் வந்திருக்கலாம், தந்தையிடமிருந்து 11 வந்திருக்கலாம். என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழிக்கு அது 9 ஆகவும் 10 ஆகவும் இருக்கலாம். ஓரிடத்தில் இருவர் ஒத்துப்போவது சாதாரணம். இருபது இடங்களை எண்ணிப் பார்த்தால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் தவிர வேறு இருவர் முழுமையாக ஒத்துப்போவதற்கான வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். சகோதரர்கள்கூட ஓரளவு ஒத்திருப்பார்களே தவிர ஒன்றாக இருக்க மாட்டார்கள். கிடைத்த மாதிரி ஒரு துளி இரத்தமாகவோ ஒற்றை முடியின் வேராகவோ இருந்தாலும், பீ.சீ.ஆர். என்ற முறையில் அதனைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்காகும். 30 சுற்றுக்களில் ஒன்று 100 கோடிக்கும் மேலாகிவிடும்.

இந்த அடையாள முறையை 1984 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். அது முதன்முதலாகச் செய்த இரண்டு வேலைகளையும் நாம் அறிந்திருப்பது நல்லது. 1985 இல், கானாவிலிருந்து திரும்பி வந்த ஒரு சிறுவன் இங்கிலாந்திலிருந்த தன் தாயின் மகன்தானா என்று குடிவரவு அதிகாரிகள் சந்தேகப்பட்டனர். மகன்தான் என்று பரிசோதனை சொன்னது. தாயும் மகனும் சேர்ந்தனர். அடுத்தது, 1983 இலும் 1986 இலும் லெஸ்டர் பகுதியில் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கு. 17 வயதுப் பையன் ஒருவன் கைதாகி, ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். மரபணு மறுத்தது. இரண்டையும் செய்தவன் ஒருவனே, அவன் இந்தப் பையன் அல்ல என்று காட்டியது. அதன்பின் அப்பகுதி ஆண்கள் 5000 பேருக்கு மேல் இரத்த மாதிரி கொடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பித் தப்பப் பார்த்தும், 1987 இல் அகப்பட்டு 1988 இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

குற்ற விசாரணையில் மரபணு ஆற்றிய முதற் பணி ஒரு நிரபராதியை விடுவித்ததுதான் என்பதை நாம் மறந்து விடக்கூடாது. அவன் வயது 17. இதை எழுதும் என் வயதும் அதுவே. செய்யாத கொலையை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்ற கேள்விக்கு, பயந்துபோன ஒரு பிள்ளையின் மனதை அறிந்தவர்களுக்குப் பதில் தெரியும்.

அதே கதை நமது நாட்டிலும் நடந்தது. 2015 செப்ரெம்பரில் கம்பஹா மாவட்டத்தின் கொட்டதெனியாவவில் வீட்டில் உறங்கிய ஐந்து வயதுச் சிறுமி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. சில நாட்களில் இருவர் பிடிபட்டனர். ஒருவர் பிள்ளைகளின் தந்தை. மற்றவர் 17 வயதுப் பாடசாலை மாணவன். ஊடகங்களில் அவர்களைப் பற்றிய செய்திகள் பரவின. சமூக வலைத்தளங்களில் தீர்ப்பும் எழுதப்பட்டது, தண்டனையும் கோரப்பட்டது. பின்னர் மரபணு அறிக்கை வந்தது. சிறுமியின் உடலில் கிடைத்த தடயத்துடன் அவர்களின் மாதிரி பொருந்தவில்லை. விடுவிக்கப்பட்டபின், பொலிஸ் காவலில் தாம் தாக்கப்பட்டதாக முறையிட்டார்கள்.

அதன்பின் வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் அறிவித்தனர். விடயம் முடிந்தது என்று நாடு மூச்சு விட்ட வேளையில், அவரது மரபணுவும் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தது. இறுதியில் பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கு மரண தண்டனை விதித்தது. ஆய்வுகூடம் என்று ஒன்று இல்லாதிருந்தால், முதலில் பிடிபட்ட மாணவன் இன்று எங்கே இருந்திருப்பான்? அவனுடைய உம்மாவைப் போன்ற ஒரு தாய் இன்று எந்தச் சிறையின் வாசலில் நின்றிருப்பார்?

இதை வாசிக்கும் சிலர், "அப்படியானால் மரபணு சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். அதுவும் தவறு. ஜேர்மனியிலும் அயல் நாடுகளிலும் 1993 முதல் ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்து வந்தது. 2007 இல் ஹைல்ப்ரோன் நகரில் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி கொல்லப்பட்ட இடத்திலும் அதுவே கிடைத்தது. நாடு முழுவதும் அந்த மாயப் பெண்ணைத் தேடினார்கள். 2009 இல்தான் விடயம் வெளியானது. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைச் செய்த தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது! குச்சிகள் கிருமியற்றவையாக இருந்தன. ஆனால் மனித டி.என்.ஏ. படாதவையாக இருக்கவில்லை. ஆய்வு சரியாகவே நடந்தது. பிழை ஆய்வுகூடத்துக்குள் மாதிரி வருவதற்கு முன்பே நடந்து விட்டது.

ஆகவே ஒரு மாதிரியை யார் எடுத்தார்கள், எதில் பொதி செய்தார்கள், எவருடைய கைகளைத் தாண்டி வந்தது என்ற பதிவு முக்கியமானது. அத்துடன், ஓரிடத்தில் என் டி.என்.ஏ. கிடைத்தால் நான் அங்கே போயிருக்கலாம், அல்லது நான் தொட்ட பொருள் அங்கே போயிருக்கலாம் என்பதுதான் பொருள். நான் குற்றம் செய்தேன் என்பது அதற்குப் பொருளல்ல. அதைத் தீர்மானிக்க நீதிபதி வேண்டும், மற்றைய சாட்சியங்களும் வேண்டும்.

அறிக்கை வரும் வரை பொறுத்திருப்பதன் பெறுமதியைக் கண்டியில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி கிளம்பியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் தெளிவாக்கியது. ஆனால் வதந்தி கைத்தொலைபேசியில் பறந்தது. அறிக்கை நடந்து வந்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் திகன, தெல்தெனிய முதல் அக்குறணை வரை கடைகளும் வீடுகளும் எரிந்தன. திகனவில் நடந்ததற்கு உடனடிக் காரணம் வேறொரு சம்பவம்தான். ஆனாலும் அந்த நாட்களில் மக்களின் மனங்களைக் கொதிக்க வைத்தவற்றில் இந்த மாத்திரைக் கதையும் ஒன்று.

வதந்தியால் சுடப்பட்டவர்கள் என்பதால் நாம் வதந்தி பரப்புவதில்லை என்று சொல்லிவிட முடியுமா? நமது குடும்ப வட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பார்த்தால் தெரியும். பிள்ளை கடத்துபவன் என்று ஒருவரின் படம், திருடி என்று ஒரு பெண்ணின் படம், "உடனே பகிரவும்" என்ற கட்டளை. ஒரு செய்தி கிடைத்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்று அல்குர்ஆன் நமக்குப் போதிக்கிறது. ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கி அணிந்து நிற்பவர் செய்வதும் அதுவே. அவர் விசாரித்து முடிக்கும் வரை நமது விரல் பொறுத்திருக்க வேண்டும்.

மரபணு குற்றவாளிகளை மட்டும் தேடுவதில்லை, உறவுகளையும் தேடித் தருகிறது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது, கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசையில் 81 ஆவது என்பதால் "81 ஆம் இலக்கக் குழந்தை" என்றே உலகம் அதனை அழைத்தது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த பல பெற்றோர், இது தம் பிள்ளையாக இருக்காதா என்று ஏங்கி வந்தனர். அவர்களில் யாரும் பொய்யர்கள் அல்லர் என்றே நான் நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்காக இரு பெண்கள் வாதாடியபோது ஸுலைமான் நபி (அலை) அவர்கள் தாயின் மனதைச் சோதித்துத் தீர்ப்புச் சொன்ன வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். கல்முனையில் வந்து நின்ற எல்லோருக்கும் தாய் மனம் இருந்தது. எனவே நீதிமன்றம் மரபணுவிடம் கேட்டது. 2005 பெப்ரவரியில் பதில் கிடைத்தது. குழந்தை தன் தாய் தந்தையிடம் போய்ச் சேர்ந்தது.

இனி நோயறிதலுக்கு வருவோம். காசநோயாளியின் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் என்ற கருவி, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிருமி உண்டா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லி விடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்ப்பதென்றால் வாரங்கள் செல்லும். டெங்கு வைரசின் நான்கு வகைகளில் எது பரவுகிறது என்பதையும் இவ்வாறே அறியலாம். ஆறாம் தரத்தில் நமக்குப் போடப்பட்ட எச்.பீ.வி. தடுப்பூசி எந்த வைரசுக்கு எதிரானதோ, அந்த வைரசின் டி.என்.ஏ. கருப்பைக் கழுத்தில் இருக்கிறதா என்று தேடுவதன் மூலம் புற்றுநோய் வருமுன்பே எச்சரிக்கை பெறலாம். நமது உம்மாமார் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பீ.சீ.ஆர். என்ற சொல்லை நமது பாட்டிமாரும் தெரிந்துகொண்டது கொவிட் காலத்தில்தான். அந்தச் சொல் நமது சமூகத்துக்கு ஆறாத ஒரு காயத்தையும் நினைவூட்டும். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, கொவிட் தொற்றினால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடியில் இடமும் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இதில் பரிசோதனையின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் வைரசின் மரபணு இருக்கிறது என்று மட்டுமே அது சொன்னது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று அது சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை அதன் மேல் ஏற்றியவர்கள் மனிதர்கள். விஞ்ஞானம் பேசுவதை நிறுத்திய இடத்திலிருந்து பயமும் வெறுப்பும் பேசத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நமது ஜனாஸாக்கள் அனுபவித்து விட்டன.

மற்றவர்கள் நமக்குச் செய்ததைப் பற்றிப் பேசுவது எளிது. நாம் நமது பிள்ளைகளுக்குச் செய்வதைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். அதனால் தலசீமியாவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பெற்றோர் இப்பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும் என்பது எனது பணிவான வேண்டுகோள்.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் கட்டளை, 11 ஆம் நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இரண்டில் ஒன்று பழுதாக இருந்தால் அவர் காவி. காவி நோயாளி அல்லர். அவர் படிப்பார், ஓடுவார், வேலை செய்வார், நோன்பு நோற்பார். தான் காவி என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கும். நமது நாட்டில் ஏறத்தாழ 100 பேரில் 2 பேர் பீற்றா தலசீமியாக் காவிகள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நமது பாடசாலையின் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவிகளை மனதில் எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் பொருள் விளங்கும்.

ஒரு காவி மற்றொரு காவியை மணந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கருவிலும், பிள்ளை இரண்டு பழுதான பிரதிகளையும் பெற்றுப் பிறப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நான்கு பிள்ளைகள் பெற்றால் ஒன்றுக்குத்தான் வரும் என்று இதனை விளங்கிக்கொள்ளக் கூடாது. முதற் பிள்ளைக்கும் வரலாம், அடுத்த பிள்ளைக்கும் வரலாம். அப்படிப் பிறந்த பிள்ளை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். பின்னர் வெளிறும், பால் குடிக்க மறுக்கும், வயிறு வீங்கும். அதன்பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற, தோலுக்குக் கீழே ஊசி குத்திச் சிறிய பம்பி ஒன்றை வாரத்தில் ஐந்து இரவுகளாவது பல மணித்தியாலங்கள் பொருத்தி வைக்க வேண்டும், அல்லது நாள்தோறும் மாத்திரை எடுக்க வேண்டும். நம் நாட்டில் ஏறத்தாழ 2000 பேர் இவ்வாறு வாழ்கிறார்கள். கண்டியிலிருந்து 40 கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ள குருநாகலில் இதற்கென்றே தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது.

இதனைத் தடுக்கும் வழி மிக எளியது. முதலில் ஒரு முழுக் குருதிப் பரிசோதனை. செங்குழியங்கள் வழமையை விடச் சிறியனவாக இருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை. இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் செங்குழியங்கள் சிறிதாகும் என்பதால் இந்த இரண்டாம் படி அவசியம். அப்படியும் தெளிவாகாவிட்டால், அல்லது குடும்பத்தில் எந்த எழுத்துப் பிழை ஓடுகிறது என்று அறிய வேண்டுமானால், மரபணுப் பகுப்பாய்வு. எல்லோருக்கும் செலவு மிக்க பரிசோதனை தேவையில்லை. ஒரு சிறு குழாய் இரத்தத்தில் பலரின் விடயம் முடிந்து விடும்.

திருமணத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. கருவிலேயே நோயைக் கண்டறியும் வசதி உலகில் இருந்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றி வேறு எதற்கும் கருவைக் கலைக்க நமது சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே காலம் பிந்திய பின் கிடைக்கும் அறிவு கண்ணீரையே கூட்டும்.

நமது குடும்பங்களில் மாமாவின் மகன், மாமியின் மகள் என்று உறவுக்குள் மணமுடிப்பது வழக்கம். சொத்துப் பிரியாது, பிள்ளை தூரப் போகாது, தெரிந்த குடும்பம் என்ற காரணங்களை நான் மதிக்கிறேன். மார்க்கம் அதனை அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. ஒன்றுவிட்ட சகோதரர்கள் தம் மரபணுக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதால், ஒருவர் காவியானால் மற்றவரும் காவியாக இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. உறவில் மணமுடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறவில் மணமுடிப்பவர்கள் மற்றவர்களை விட முன்னதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இதற்கு வீடுகளில் எழும் மறுப்புகளை நான் அறிவேன். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், சோதித்து என்ன ஆகப் போகிறது?" என்பது முதலாவது. அல்லாஹ்வின் நாட்டத்தில் நம்பிக்கை வைப்பவர்கள் நாம். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியா உள்ளிட்ட பரம்பரை இரத்த நோய்களுக்கான பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவானாலும் மணமுடிப்பது அவர்களின் விருப்பம். ஆனால் அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். நமது அயலிலுள்ள மாலைதீவிலும் தலசீமியாவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்புத்தான் உண்மையானது என்று நினைக்கிறேன். "பெண் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்து ஏதும் வந்தால் ஊர் வாய்க்கு என்ன சொல்வது? சம்பந்தம் வருமா?" இந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்படி முறிந்துபோன சம்பந்தங்களைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பயத்தை உருவாக்கியது இரத்தமல்ல, நமது அறியாமை. காவியான ஒரு பெண், காவியல்லாத ஓர் ஆணை மணந்தால் அவர்களுக்கு இந்த நோயுள்ள பிள்ளை பிறக்காது. நோயுள்ள பிள்ளை பிறக்க வேண்டுமானால் தாயும் தந்தையும் சம அளவில் கொடுத்தாக வேண்டும். அப்படியிருக்க, "மருமகள் வந்து குடும்பத்துக்கு நோயைக் கொண்டு வந்தாள்" என்று சொல்லப்படுவது ஏன்? மரபணு நீதியாகப் பாதிப் பாதியாகப் பங்கிட்டதை நாம் ஏன் முழுவதுமாகப் பெண்ணின் தலையில் சுமத்துகிறோம்?

எனவே சோதனை பெண்ணுக்கு மட்டுமாக இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அறிக்கையைக் கேட்டு வாங்குவது, ஜாதகம் பார்ப்பது போன்ற இன்னொரு தடையாகிவிடும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் உயர்தரம் படிக்கும் வயதிலேயே, யாருடனும் சம்பந்தம் பேசுவதற்கு முன், சோதித்துக்கொள்ளட்டும். அறிக்கை அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இருக்கட்டும். தரகரின் பையில் படத்துடன் சேர்த்து அதைக் கொடுத்தனுப்பக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவை விசேட பாதுகாப்புக்குரிய தரவு வகைக்குள் சேர்த்திருக்கிறது. சட்டம் தரும் அந்த மரியாதையை வீட்டிலும் ஊரிலும் நாம் தர வேண்டாமா?

செய்யக்கூடியவை பல உள்ளன. பள்ளிவாசல் நிர்வாகங்கள் நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாரிடமும், சோதித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஜும்ஆப் பிரசங்கத்தில் வருடத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். பாடசாலைகள் உலக தலசீமியா தினமான மே 8 ஆம் திகதியை ஒட்டிச் சுகாதார அதிகாரிகளை அழைக்கலாம். சந்தேகநபர்களின், விசேடமாகச் சிறுவர்களின், பெயரையும் படத்தையும் விஞ்ஞான ஆய்வின் முடிவு வரும் வரை வெளியிடாதிருக்க ஊடகங்கள் உறுதி பூணலாம். நாமும் அதுவரை எதையும் பகிராதிருக்கலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

என் சகோதரிகளுக்கு மேலும் ஒரு வார்த்தை. டி.என்.ஏ. இழையின் வடிவத்தைக் கண்டறிய உதவிய எக்ஸ் கதிர்ப் படம், ரொசலின்ட் பிராங்க்ளின் என்ற பெண்ணின் ஆய்வுகூடத்தில் 1952 இல் பெறப்பட்டது. நோபல் பரிசு 1962 இல் மூன்று ஆண்களுக்குக் கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை. இன்று நமக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலும் உயிரியல் தொழினுட்பமும் கற்பிக்கும் துறை வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. வைத்தியராவது ஒன்றே உயிரியல் பிரிவின் இலட்சியம் என்று நினைக்கிறோம். ஒரு நிரபராதியைச் சிறையிலிருந்து விடுவிக்கும் அறிக்கையில் கையொப்பமிடுவதும், ஒரு தாய் தகப்பனுக்குக் காலத்தோடு எச்சரிக்கை கொடுப்பதும் உயிர் காக்கும் பணிகளே. அந்த மேசைகளில் நம் பெண்களும் அமர வேண்டும்.

மரபணு யாருடைய பக்கமும் சாய்வதில்லை. செல்வந்தரின் மகன், கூலியாளின் மகன், பெரும்பான்மை, சிறுபான்மை, மாமியார், மருமகள் என்று பார்த்து அது பேசுவதில்லை. இவ்வளவு நேர்மையான ஒரு சாட்சி நமது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதனை அழைக்காமலே ஊர்வாயையும் வதந்தியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம். இனியேனும் பழி சொல்வதற்கு முன் விசாரிப்போம். மணம் பேசுவதற்கு முன் சோதிப்போம். கிடைத்த பதிலைக் கொண்டு யாரையும் தாழ்த்தாதிருப்போம். வல்ல அல்லாஹ் நமக்கு அந்த நிதானத்தைத் தருவானாக.